மிச்சக் கஞ்சியை ஆற்றும் முறை

 

இஃப்தாரில் மிஞ்சிய நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியிலேயே மூடிவைத்து, ஸஹருக்குச் சூடாக்கிக் குடிப்பது பல வீடுகளில் வழக்கம். வீண்விரயம் கூடாது என்ற எண்ணம் நல்லதே. ஆனால் இதில் ஆபத்து உண்டு.

சூடு ஒரு பொருளின் மேற்பரப்பு வழியாகவே வெளியேறுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்கான பாத்திரம் 8 மடங்கு கஞ்சி கொள்ளும். அதன் மேற்பரப்போ 4 மடங்குதான். பள்ளிவாசல் தேக்சா மணிக்கணக்கில் ஆறாததற்கு இதுவே காரணம். கஞ்சி கெட்டியானது என்பதால், ஓரம் ஆறினாலும் நடுப்பகுதி ஆறாது.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும். அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. மெதுவாக ஆறும் கஞ்சியில் அவை முளைத்துக் கக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி வந்தால் நோன்பாளி என்ன ஆவார்?

ஆகவே:

1. மிச்சத்தை அகலமான தட்டுகளில் 2 அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள்.

2. தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கிண்டுங்கள். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாக இழுக்கும்.

3. இஃப்தார் முடிந்ததுமே ஆற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். தராவீஹ் முடிந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

4. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் தேவையான அளவே வாங்குங்கள். மிஞ்சும் எனத் தெரிந்தால், சூடாக இருக்கும்போதே அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள், நன்மையும் கிடைக்கும்.

அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.