நிஃப்டி: புள்ளியைப் பார்க்காதீர்கள், வெயிட்டேஜைப் பாருங்கள்

‘நிஃப்டி 250 புள்ளிகள் சரிவு’ என்று மாலைச் செய்தியில் கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. நிஃப்டி 2,500-ல் இருந்த காலத்தில் 250 புள்ளி என்றால் 10%. 25,000-ல் இருக்கும்போது அது 1% மட்டுமே. ஆகவே, புள்ளியைச் சதவீதமாக மாற்றிப் பார்ப்பதுதான் முதல் படி. 1995 நவம்பர் 3-ஐ அடிப்படை நாளாக வைத்து 1,000 புள்ளியில் தொடங்கிய கணக்கு இது. எண்ணின் உயரத்தை மட்டும் வைத்துச் சந்தை விலை அதிகமா, மலிவா என்று சொல்ல முடியாது. நிஃப்டி என்பது சில விதிகளின்படி தேர்ந்தெடுத்த 50 பங்குகளின் தொகுப்பு. அந்த விதிகளைப் புரிந்துகொண்டால்தான் நம் பணம் எதில் இருக்கிறது என்பது தெரியும்.

இரண்டாவது படி, எந்தப் பங்குக்கு எவ்வளவு வெயிட்டேஜ், அதாவது தொகுப்பில் எத்தனை சதவீத இடம், என்று பார்ப்பது. ஒரு நிறுவனத்துக்கு 100 கோடி பங்குகள், விலை ரூ.500, புரமோட்டர் கையில் 60 கோடி பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். அதன் சந்தை மதிப்பு ரூ.50,000 கோடி. ஆனால், 2009 ஜூன் முதல் ஃப்ரீ ஃப்ளோட் முறையில் நிஃப்டி கணக்கிடப்படுவதால், பொதுவில் கைமாறக்கூடிய 40 கோடி பங்குகளின் மதிப்பான ரூ.20,000 கோடி மட்டுமே கணக்கில் வரும். இப்படிக் கிடைக்கும் வெயிட்டேஜ் 12% உள்ள பங்கு 5% ஏறினால், 25,000-ல் இருக்கும் நிஃப்டி 150 புள்ளிகள் உயரும். 0.5% உள்ள பங்கு அதே 5% ஏறினால் 6 புள்ளிதான். ‘50 நிறுவனங்களில் பணம் பரவியிருக்கிறதே’ என்ற நிம்மதி அதனால் பாதிதான் உண்மை. வங்கி, நிதித் துறைக்கே இதில் பெரும்பங்கு. ஏற்கெனவே வங்கிப் பங்குகளை நிறைய வைத்திருப்பவர் நிஃப்டி ஃபண்டையும் வாங்கினால், அதே கூடையில்தான் இன்னும் முட்டைகளை அடுக்குகிறார்.

மூன்றாவது படி, சரியான நிஃப்டியோடு ஒப்பிடுவது. செய்தியில் வரும் நிஃப்டியில் டிவிடெண்ட் சேராது. அதையும் மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிடுவது டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ். ஃபண்டின் என்.ஏ.வி-யில் (ஒரு யூனிட்டின் மதிப்பில்) டிவிடெண்ட் சேர்ந்திருப்பதால், அதைச் சாதாரண நிஃப்டியோடு ஒப்பிட்டால் ஃபண்ட் மேலாளர் உள்ளதைவிடத் திறமைசாலியாகத் தெரிவார். இதைத் தடுக்கவே, 2018 பிப்ரவரி முதல் ஃபண்டுகள் டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸோடுதான் ஒப்பிட வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. ‘நான் பங்குகளை நானே தேர்ந்தெடுக்கிறேன், எனக்கு இண்டெக்ஸ் எதற்கு?’ என்பவருக்கும் இதே அளவுகோல்தான். ஐந்தாறு ஆண்டுகள் அதை மிஞ்ச முடியாவிட்டால், அவ்வளவு உழைப்புக்கும் பலன் என்ன?

நான்காவது படி, மாற்றங்களைக் கவனிப்பது. ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியல் மறுபரிசீலனைக்கு வருகிறது. ‘மோசமான நிறுவனம் வெளியேறிவிடும், நல்லது உள்ளே வரும், அப்புறம் என்ன ஆபத்து?’ என்று கேட்கலாம். நிஃப்டியில் இருந்த ஐ.டி நிறுவனமான சத்யம் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று மோசடி வெளிவந்து, சுமார் ரூ.179-ல் இருந்த பங்கு அன்றே ரூ.40-க்கு வந்தது. அதன்பிறகுதான் நிஃப்டியிலிருந்து நீக்கினார்கள். பட்டியல் சுத்தமானது, ஆனால் நஷ்டம் இண்டெக்ஸில் பதிவாகிவிட்டது. இண்டெக்ஸ் அந்த அடியை 50 பங்குகளில் பகிர்ந்து சிறிதாக்கியது. அடியே விழாமல் தடுக்கவில்லை.

கடைசிப் படி, கால அவகாசம். 2008 ஜனவரியில் 6,287-ல் முடிந்த நிஃப்டி அக்டோபரில் 2,524-க்கு வந்தது. சுமார் 60% வீழ்ச்சி. 2010 நவம்பரில் பழைய உச்சத்தை எட்டிப்பார்த்து மறுபடி இறங்கியது. ‘எப்படியும் மீண்டுவிடும்’ என்பவர்கள் ஜப்பானையும் நினைக்க வேண்டும்: 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட அந்நாட்டின் பங்குச் சந்தை இண்டெக்ஸான நிக்கேய்க்கு 2024 பிப்ரவரி வரை ஆனது. எனவே, அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டுக்கோ தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள். மற்ற பணத்தைப் போடும் முன், என்.எஸ்.இ மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டைத் திறந்து, முதல் பத்துப் பங்குகளின் வெயிட்டேஜைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் உண்மையில் எதை வாங்குகிறீர்கள் என்பதை அந்தக் கூட்டுத்தொகை சொல்லும்.