மண்ணின் வெப்பநிலை

தக்காணத்துக் கரிசல் மண் கோடை நண்பகலில் காற்றினும் மிகுதியாகச் சூடேறுகிறது. கதிரவன் ஒளியில் பெரும்பகுதியை அதன் கருநிறம் உட்கொள்வதே காரணம். 1930-களில் புனேயில் வானிலை அறிஞர் எல். ஏ. இராமதாசும் உடன் பணியாற்றியோரும் இம்மண்மீது வெள்ளைச் சுண்ணத்தூளை மெல்லிய படலமாகத் தூவிப் பார்த்தனர். சூடு வெகுவாகத் தணிந்தது.

பகல் வெப்பத்தின் ஏற்றத்தாழ்வு அரை மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் எட்டுவதில்லை. இளநாற்றோ மேற்பரப்பை ஒட்டியே வாழ்வது. ஆதலின் தண்டின் அடி வெந்து நாற்று சாய்வதுண்டு. இதனை நோயெனக் கருதி மருந்து தெளிப்பது வீண்; வைக்கோல் மூடாக்கே தக்க காப்பு. காட்டில் இவ்வேலையைச் சருகு செய்கிறது. அதைக் கூட்டியள்ளினால் தரை சூடேறி உலர்கிறது. மண்புழுவும் நுண்ணுயிர்களும் நலிகின்றன.

வானிலைத் துறையினர் 5, 10, 20 செ.மீ. ஆழங்களில் அளப்பர். பள்ளித் தோட்டத்திற்கு 5 செ.மீ. ஆழத்தில், மூடிய பாத்தியில் ஒன்றும் திறந்த பாத்தியில் ஒன்றுமாக இரு வெப்பமானிகள் போதும்.