பில் வேணுமா என்று கேட்பார்கள்

முதல் கேமரா வாங்கக் காசு சேர்த்துவிட்டாயாமே, கண்ணு. எந்த மாடல் என்று நீயே பத்து வீடியோ பார்த்து முடிவு செய்திருப்பாய்; அதில் நான் தலையிடவில்லை. கம்பெனியின் இந்தியக் கிளை வழியாக வந்ததை வாங்குவதா, கிரே மார்க்கெட்டில் வாங்குவதா என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. கிரே என்றதும் போலி என்று நினைத்துவிடாதே. அதே தொழிற்சாலையில் செய்ததுதான். துபாய்க்கோ ஹாங்காங்குக்கோ ஒதுக்கிய சரக்கு, கம்பெனியின் இந்தியக் கிளையைத் தொடாமல் வேறு கை வழியாக இங்கே வருகிறது. சுங்கவரி கட்டி, பில்லோடு வருவதும் உண்டு. பெட்டியில் துணிக்கு அடியில் வருவதும் உண்டு. 2012-இல் சாம்சங் பிரின்டர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், முறையாக இறக்குமதி செய்ததை விற்கலாம் என்றது. கூடவே, கம்பெனி வாரண்டி இதற்குக் கிடையாது என்று கடையில் கண்ணில் படும்படி எழுதி வைக்கவும் சொன்னது. சொல்லி விற்கிறாரா, மறைத்து விற்கிறாரா? கேமராவைக் கையில் வாங்கும் முன் ஆளைப் பார்.

2. “நாங்கெல்லாம் பர்மா பஜார்ல வாங்கலியா?” என்று என் வயதுக்காரர்கள் உன்னைக் கிண்டல் செய்வார்கள். வாங்கினோம்தான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் வந்த கடைவரிசை அது. இறக்குமதிக்கு லைசென்ஸ் கெடுபிடி இருந்த நாட்களில் வெளிநாட்டுக் கேமராவுக்கு அதைவிட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வாரண்டி என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்தக் கேமராவுக்குள் இருந்தது ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். ஷட்டர் சிக்கினால் தெருமுனை மெக்கானிக் பிரித்துத் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தந்துவிடுவார். இன்றைக்கு உள்ளே போர்டு போனால் அவரே கையை விரிக்கிறார். எங்கள் காலத்துத் துணிச்சலை நீ கடன் வாங்காதே.

3. விலையைப் பொறுமையாகக் கூட்டிக் கழித்துப் பார். டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. முதலில் 28 சதவீதமாக இருந்தது. 2019 ஜனவரியில் 18 ஆனது. கல்யாண வேலை எடுத்து ஜி.எஸ்.டி. எண் வாங்கியிருந்தால், 1,18,000 ரூபாய் பில்லில் 18,000 ரூபாயை நீ கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் அதே கேமராவை 1,05,000-க்குத் தருகிறேன் என்கிறவர் உனக்கு 13,000 மிச்சம் பிடித்துத் தரவில்லை. 5,000 கூடுதலாக வாங்குகிறார். கணக்குப் போட அரை மணி நேரம் ஆகும். அவசரப்படுகிறவருக்கு அந்த அரை மணி கிடைப்பதே இல்லை.

4. “கடை வாரண்டி ஒரு வருஷம்” என்பார்கள். அது அந்தக் கடைக்காரரின் வாய்ச்சொல். கடை இருக்கும்வரை, அவருக்கு மனம் இருக்கும்வரை செல்லும். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் அப்படி ஒரு கேமரா பாடி வாங்கினான். ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஷட்டர் போயிற்று. சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைப் பார்த்தார்கள். வாரண்டி இல்லை என்றார்கள். கடைக்காரரோ, மும்பைக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார். பையன் மறைக்கவில்லை. அன்று மாலையே பெண்ணின் அப்பாவிடம் போய், “என் கேமரா பழுது சார், இன்னொருத்தர் கேமராவில் எடுக்கிறேன், சம்மதமா?” என்று கேட்டான். அந்தக் குடும்பத்துக் காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் அவன்தான் போகிறான். கேமரா யாருக்கும் பழுதாகும். மாலையே போய்ச் சொல்வதற்குத்தான் பழக வேண்டும்.

5. பெட்டியைப் படி. இந்தியாவில் விற்கும் இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., மாதம், வருடம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருடத்து விதி. அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் கேள். பாடி, பெட்டி, வாரண்டி அட்டை மூன்றிலும் ஒரே சீரியல் நம்பரா என்று பார். கேனான் 700டி என்று கேட்டுவிட்டு, கையில் ‘கிஸ் எக்ஸ்7ஐ’ வந்தால் அது ஜப்பானுக்குப் போக வேண்டியது; ‘ரெபெல் டி5ஐ’ என்றால் அமெரிக்காவுக்கு. கேமரா ஒன்றே, ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஜப்பானில் விற்கும் பல சோனி மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும். வீடியோ எடுப்பாயென்றால் இன்னொன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். என்.டி.எஸ்.சி. முறையில் வைத்து, ஷட்டரை 60-இல் ஒன்றாக விட்டால் மண்டபத்து டியூப்லைட்டில் படம் சிமிட்டும். பால் (PAL) முறைக்கு மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார். முடியாவிட்டால் ஷட்டரை 50-இல் ஒன்றோ 100-இல் ஒன்றோ வை. கிட் லென்ஸ் மட்டும் வெள்ளைப் பெட்டியில் தனியாக வந்தால், ஒரு செட்டை உடைத்து விற்கிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமில்லை; விலை குறைய வேண்டும், அவ்வளவே.

6. கேட்கக் கூசிய கேள்விக்குத்தான் காசு போகும். “இவ்வளவு விலைக்கு வாங்குறீங்க, இதெல்லாம் கேக்கலாமா?” என்று சிரித்து மழுப்பினால், நீயும் சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை கேள்.

7. சிங்கப்பூர் மாமாவிடம் வாங்கி வரச் சொல்லாதே என்று தடுக்க மாட்டேன். ஆனால் பில்லைக் கிழித்துப் போட்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, பழைய கேமரா மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும்படி மட்டும் கேட்காதே. சுங்க அதிகாரி முன்னால் வியர்த்து நிற்கப் போகிறவர் அவர். வரியில்லாமல் கொண்டுவரும் வரம்புக்கு மேல் போனால் எவ்வளவு வரி என்று முன்னாலேயே பார்த்து, அந்தப் பணத்தையும் அவருக்கு அனுப்பிவிடு. வரியும் சேர்த்தால் நம்மூர் விலையே வந்துவிடுகிறது என்றால், மாமாவிடம் சாக்லேட் கேள்.

8. கிரே வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சியில்லை. கையால் ஃபோகஸ் செய்கிற, உள்ளே மின்சாரம் எதுவும் இல்லாத லென்ஸை வரி கட்டிய பில்லோடு நான் தயங்காமல் வாங்குவேன். பாடியை மாட்டேன்; அடுத்தவர் வீட்டு விசேஷத்தைப் படமெடுக்க ஏற்றுக்கொள்கிறவர் அதை வாங்கவே கூடாது. பொழுதுபோக்குக்கு எடுக்கிறவர், போனால் போகட்டும் என்று விட முடிந்தால், வாங்கட்டும்.

9. பில்லைப் பத்திரப்படுத்து. சீரியல் நம்பர் அதில் எழுதியிருக்க வேண்டும். திருடு போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும், இன்ஷூரன்ஸ் கேட்கவும் அதுதான் உன் பக்கத்து ஆதாரம். வெளிநாடு போகும்போது, புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்தாரிடம் கேமராவைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கினால் திரும்பி வரும்போது வம்பில்லை. அங்கேயும் பில் கைகொடுக்கும்.

10. ஒருநாள் இந்தக் கேமராவை விற்பாய். கிரே என்றால் வாங்க வருகிறவரிடம் அவர் கேட்பதற்கு முன்னே சொல்லிவிடு. ஷட்டர் எத்தனை ஆயிரம் ஓடியிருக்கிறது என்பதையும் சொல். அவர் உடனே விலையில் இரண்டாயிரம் குறைக்கப் பார்ப்பார். குறைத்துக் கொடு.