மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் கூடுமா?

"சார், கேம் ஆரம்பிச்ச முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடுது. அதுக்கப்புறம் இழுத்து இழுத்து நிக்குது. மெமரி பத்தலையா?"

பாகான் டத்தோவில் அறிவியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் சிலர் ஏற்கெனவே கடைக்குப் போய், "இது பழசு, வேறு வாங்குங்கள்" என்ற பதிலோடு திரும்பியிருப்பார்கள். அப்பா மாதத் தவணை கட்டி வாங்கித் தந்த மடிக்கணினிக்கு இன்னொரு தவணையா? அதற்கு முன் கொஞ்சம் இயற்பியலைப் பார்ப்போம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது என்பதே நல்ல தடயம். மெமரி போதாவிட்டால் தொடக்கத்திலேயே திணறியிருக்கும். பத்து நிமிடத்தில் மாறுவது ஒன்றுதான், வெப்பநிலை. மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு 95 முதல் 100 பாகை செல்சியஸ்தான் எல்லை. அதைத் தொட்டதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். இதைத்தான் 'த்ராட்டிலிங்' என்கிறார்கள். வேகம் குறைந்ததும் சூடு தணியும்; தணிந்ததும் மறுபடி வேகமெடுக்கும்; உடனே சூடேறும். திரையில் நீங்கள் பார்க்கும் அந்த இழுபறி இதுதான்.

நம் ஊர் வெயிலும் இதில் சேர்கிறது. செயலியின் சூடு அறையின் வெப்பநிலைக்கு மேல்தான் ஏறும். 22 பாகை குளிர்சாதன அறையில் 82 பாகையில் நிற்கும் செயலி, மதியம் 32 பாகை இருக்கும் நம் வீட்டு வரவேற்பறையில் ஏறக்குறைய 92 பாகைக்குப் போய்விடும். கடையில் பார்த்தபோது பறந்த கணினி வீட்டில் நொண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? செயலிக்குள் பல பில்லியன் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கிபோல நிரம்பி, காலியாகி, மீண்டும் நிரம்புகிறது. நிரம்பிக் காலியாகும் ஒவ்வொரு முறையும் அந்த ஆற்றல் வெப்பமாகிறது. எனவே செயலி வெப்பமாக்கும் திறன் மூன்றைப் பொறுத்தது: மின்தேக்கத்தின் அளவு, எத்தனை வேகமாக நிரம்பிக் காலியாகிறது என்ற அதிர்வெண், மின்னழுத்தத்தின் இருமடி. முதல் இரண்டும் நேர்விகிதம். மின்னழுத்தம் மட்டும் ஏன் இருமடியில் வருகிறது?

வீட்டுப் பின்புறம் மழைநீர் பிடிக்கும் பீப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் குடத்தால் மொண்டு அரை உயரம் நிரப்புகிறீர்கள். இப்போது முழு உயரம் நிரப்ப வேண்டும் என்றால், தண்ணீரின் அளவு இரண்டு மடங்கு. அது மட்டுமல்ல, அந்தத் தண்ணீரைச் சராசரியாக இரண்டு மடங்கு உயரத்துக்குத் தூக்கவும் வேண்டும். ஆக, வேலை நான்கு மடங்கு. மின்தேக்கியும் இப்படித்தான். மின்னழுத்தம் கூடினால் உள்ளே போகும் மின்னூட்டமும் கூடுகிறது. அதை ஏற்றச் செய்யும் வேலையும் கூடுகிறது. படிவம் 5 இயற்பியலில் மின்தடைக்கு P = V²/R என்று படிக்கிறீர்களே, அங்கு இருமடி வரும் காரணம் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்: மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் திறன் நிறையக் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செயலி 1.20 வோல்ட்டில் 60 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண்ணைத் தொடாமல், மின்னழுத்தத்தை மட்டும் 1.10 வோல்ட்டுக்கு இறக்குகிறோம். 1.10-ஐ 1.20-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.84. அதாவது 60 வாட் 50.4 வாட் ஆகிவிடும். மின்னழுத்தத்தில் குறைந்தது ஏறக்குறைய 8 விழுக்காடு. வெப்பத்தில் குறைந்தது 16 விழுக்காடு. முன்பு அறையைவிட 60 பாகை மேலே இருந்த செயலி, இப்போது சுமார் 50 பாகை மேலே நிற்கும். 92 பாகை 82 ஆகிறது. குளிர்சாதனம் போடாமலே அந்த 10 பாகை கிடைத்துவிட்டது!

இந்த வேலைக்கு 'அண்டர்வோல்டிங்' என்று பெயர். கேட்டவுடன் ஒரு சந்தேகம் வர வேண்டும். இவ்வளவு எளிது என்றால், தயாரித்தவர்களே ஏன் குறைத்து வைக்கவில்லை?

இதற்குப் பதில் தேட நம் நாட்டுக்குள்ளேயே போகலாம். 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸில் திறந்தது. ஏஎம்டியும் அதே காலத்தில் அங்கே வந்தது. பிறகு கெடா கூலிமிலும் இன்டெல் ஆலை அமைத்தது. வெளிநாட்டில் உருவாகும் சிலிக்கான் தகடுகள் இங்கே வந்து சில்லுகளாக வெட்டப்படுகின்றன, உறையிடப்படுகின்றன, சோதிக்கப்படுகின்றன. உங்கள் கணினிக்குள் இருக்கும் செயலி ஒருவேளை பினாங்கில் சோதனை முடித்து வந்ததாகவே இருக்கலாம்.

சோதனை ஏன் தேவை? தென்னந்தோப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே குலையில் காய்த்தாலும் எல்லாத் தேங்காயும் ஒரே பருமன் இல்லை. ஒரே தகட்டில் பிறந்த சில்லுகளும் அப்படித்தான். ஒன்று 1.05 வோல்ட்டில் நிம்மதியாக ஓடும். பக்கத்தில் பிறந்தது 1.15 கேட்கும். இலட்சக்கணக்கில் விற்கும் நிறுவனம், தேறிய சில்லுகளில் பலவீனமானதும், பல ஆண்டு பழசான பிறகும், கடும் சூட்டிலும் தடுமாறாதபடி கொஞ்சம் கூடுதலாகவே மின்னழுத்தத்தை வைக்கும். அது நியாயமான முடிவுதான். அந்தக் கூடுதலில் உங்கள் சில்லுக்குத் தேவைப்படாத பங்கைத்தான் நாம் திரும்ப எடுக்கிறோம். பங்கு எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. நண்பனின் கணினியில் சரியாக இருந்த எண்ணை அப்படியே உங்களுடையதில் போடாதீர்கள்.

அளவுக்கு மேல் குறைத்தால் என்ன ஆகும்? மின்னழுத்தம் குறையக் குறைய டிரான்சிஸ்டர் மாறும் வேகமும் குறையும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலியில் ஒரு துடிப்புக்கு நேரம் ஒரு நானோவினாடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்குள் விடை வந்து சேராவிட்டால் தவறான விடையே அடுத்த படிக்குப் போகும். செயலி எரியாது; ஆனால் கணினி திடீரென்று உறைந்து நீலத்திரை காட்டும். சேமிக்காத வேலை போய்விடும். அதைவிட மோசம், உறையாமல் சத்தமில்லாமல் ஒரு கணக்கைத் தவறாகப் போடுவது. 2019-இல் ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே ஆயுதமாக்கிக் காட்டினார்கள். வேண்டுமென்றே மின்னழுத்தத்தை இறக்கி, இன்டெல் செயலியின் பாதுகாப்புப் பகுதியில் பிழை உண்டாக்கி, மறைத்து வைத்த இரகசியச் சாவியை எடுத்தார்கள். அந்தத் தாக்குதலுக்கு 'பிளண்டர்வோல்ட்' என்று பெயர். அதன்பின் பல மடிக்கணினிகளில் இந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். உங்களுடையதிலும் பூட்டியிருந்தால், பூட்டை உடைக்கும் குறுக்குவழிகளைத் தேடாதீர்கள். வேறு வழிகள் இருக்கின்றன, சொல்கிறேன்.

முதலில் காற்றாடி. நம் ஊர் ஈரக்காற்றில் தூசு ஒட்டிக்கொண்டு பஞ்சுபோலக் காற்று வழியை அடைக்கும். கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, காற்றாடி சுழலாதபடி பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். திறக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். மெத்தைமேல் வைத்து விளையாடுவதையும் விடுங்கள். அடியில்தான் அது மூச்சு விடுகிறது. பாதிப் பேருக்குப் பிரச்சினை இத்தோடு தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

தீராவிட்டால் ஒரு சோதனையாகவே செய்யுங்கள். தற்சார்பு மாறி மின்னழுத்தம். சார்பு மாறிகள் வெப்பநிலையும் அதிர்வெண்ணும். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் அதே விளையாட்டு, அதே காட்சி, அதே அறை, அதே 20 நிமிடம். 'எச்டபிள்யூ இன்ஃபோ' போன்ற அளக்கும் மென்பொருளைத் திறந்து, எதையும் மாற்றாமல் முதலில் ஒரு முறை அளந்து எழுதுங்கள். பிறகு 'த்ராட்டில்ஸ்டாப்' அல்லது இன்டெலின் சொந்த மென்பொருளில் 10 மில்லிவோல்ட் மட்டும் குறையுங்கள். கோர், கேஷ் என்ற இரண்டையும் ஒரே அளவு இறக்குங்கள். சோதித்து, எழுதி, அடுத்த 10. உறைந்தாலோ, வன்பொருள் பிழை என்று பதிவானாலோ நிறுத்தி, 20 மில்லிவோல்ட் மேலே திரும்பி வாருங்கள். பல நாள் பிழையின்றி ஓடும்வரை, கணினி தொடங்கும்போதே இந்த அமைப்பு தானாக ஏறும்படி வைக்காதீர்கள். கழித்தல் குறியைத் தவறவிட்டுக் கூட்டிவிடவும் கூடாது; உண்மையான ஆபத்து அங்கேதான். பள்ளிக் கணினியிலோ அண்ணன் கணினியிலோ கேட்காமல் கைவைக்கவும் வேண்டாம்.

அட்டவணையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலருக்கு வெப்பநிலை குறையவே குறையாது. தோல்வி என்று நினைத்துவிடுவார்கள். அதிர்வெண் பத்தியைப் பாருங்கள். முன்பு 2.8 கிகாஹெர்ட்ஸில் திணறியது இப்போது 3.2-இல் நின்றால், மிச்சப்பட்ட வெப்பத்தைச் செயலி வேகமாக மாற்றிக்கொண்டது என்று பொருள்.

பூட்டப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள், விளையாட்டின் அமைப்பில் வினாடிக்கு 60 படங்கள் என்று எல்லை போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் அதற்கு மேல் வரைவது பெரும்பாலும் வீண் வெப்பம். விண்டோஸ் மின்சக்தி அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 விழுக்காடாக மாற்றுவது இன்னொரு வழி. பெரும்பாலான இன்டெல் செயலிகளில் அந்த ஒரு விழுக்காடு 'டர்போ' வேகத்தையே நிறுத்திவிடும். உச்ச வேகம் போகும். ஆனால் பத்து நிமிடத்தில் வரும் அந்த இழுபறியும் போகும். எது வேண்டும் என்பதை உங்கள் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.