சைன் பாரில் ஒரு முக்கோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

முக்கோணவியல் அட்டவணையை ஒப்பித்து ஒப்பித்து நீ அலுத்துப்போனதாக அண்ணன் போனில் சொன்னார். ஒப்பித்தால் மார்க் வரும், விஷயம் பிடிபடாது. பாடியில் இருந்துகொண்டு இதற்கு அலுத்துக்கொள்ளலாமா? லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா எல்லாம் உன் வீட்டுக்குப் பக்கம். நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் டூல்ரூமில் சைன் என்பது கையில் எடுக்கிற சாமான். பெயரே சைன் பார்.

அது ஓர் எஃகுப் பட்டை. இரு முனையிலும் ஒரே விட்டமுள்ள உருளைகள். உருளைகளின் மையத்துக்கு மையம் சரியாக 100 மி.மீ. (200, 300-ம் உண்டு). சமதளக் கல்மேல் அதை வைத்து, ஓர் உருளைக்கு அடியில் ஸ்லிப் கேஜ் (துல்லியமான உயரமுள்ள அளவுக்கட்டை) கொடுத்தால் பட்டை சாயும். பட்டைதான் கர்ணம். அடியில் கொடுத்த உயரம் எதிர்ப்பக்கம். உயரத்தை 100-ஆல் வகுத்தால் சைன். 25 டிகிரி வேண்டுமென்றால் 42.262 மி.மீ. உயரம் வேண்டும். 40, 1.26, 1.002 என்று மூன்று ஸ்லிப்களைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து லேசாகத் திருகினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். நடுவில் துளி தூசு இருந்தாலும் ஒட்டாது. 200 மி.மீ. பாரில் அதே 25 டிகிரிக்கு 84.524. உயரம் இரட்டித்தது, விகிதம் அப்படியேதான் இருக்கிறது. சைனுக்குக் கோணம் மட்டுமே கணக்கு.

பாகைமானி போதாதா என்பாய். கோணத்தை நேராகப் படிப்பதைவிட நீளத்தை நுணுக்கமாக அளக்க முடியும். படுத்திருக்கும் 100 மி.மீ. பாரை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு தூக்கினாலும் முனை சுமார் 0.03 மி.மீ. ஏறும், டயல் கேஜின் முள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய நில அளவை இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்துவிட்டு, கோணங்களை வைத்தே மற்றத் தூரங்களைக் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள்.

இப்போது பட்டையை மனதுக்குள் மெல்லத் தூக்கு. படுத்திருக்கும்போது உயரம் 0, நட்டுக்க நின்றால் 100. அதனால் சைன் 0-விலிருந்து 1 வரை வரும். அதற்குமேல் போகாது, கர்ணத்தை மிஞ்சும் பக்கம் கிடையாது. கல்மேல் அது அடைக்கும் நீளம் கொசைன் கணக்கு, 100-ல் தொடங்கிச் சுருங்கி 0-வில் முடியும். உயரத்தை அந்த நீளத்தால் வகுத்தால் டேன். 45-ல் இரண்டும் சமம், டேன் 1. பட்டை நிமிர நிமிர வகுக்கும் எண் சுருங்கும், டேன் எகிறும். 90-ல் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறது, எனவே மதிப்பே இல்லை. அட்டவணையில் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்து மிரளாதே.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோணம் இரட்டித்தால் சைன் இரட்டிக்காது. 30-லிருந்து 31-க்குப் போக 100 மி.மீ. பாரை 1.5 மி.மீ. தூக்க வேண்டும். 80-லிருந்து 81-க்கு 0.29 மி.மீ. போதும். அங்கே ஸ்லிப்பில் கொஞ்சம் பிசகினாலும் கோணம் நிறையத் தப்பும். அதனால் 45-ஐத் தாண்டினால் நாங்கள் சைன் பாரை நம்புவதில்லை. 90-லிருந்து கழித்து, மீதிக் கோணத்தை வைப்போம். உன் புத்தகத்தில் நிரப்புக் கோணங்கள் என்று வருகிறதே, அதுதான் இது. ஒரு கோணத்தின் கொசைன், மீதிக் கோணத்தின் சைன்.

சரி, உனக்கு ஒரு வேலை. 75 டிகிரி சரிவுள்ள துண்டு ஒன்று செக்கிங்குக்கு வந்திருக்கிறது, கையில் 200 மி.மீ. பார். எத்தனை மி.மீ.க்கு ஸ்லிப் அடுக்குவாய்? கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுது.

இப்படிக்கு,
சித்தப்பா