பொன்னாடை வேண்டாம், ரெயின்கோட் கொடுங்கள்

அக்டோபர் 10 உலக வீடற்றோர் தினம். சென்னையில் அந்தத் தேதி பொருத்தமான நேரத்தில் வருகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். நடைபாதையில் படுத்திருப்பவர்களைத் தேடி மாநகராட்சிக் காப்பகங்களின் களப்பணியாளர்கள் இரவெல்லாம் சுற்ற வேண்டிய காலம். அன்று எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து அவர்களுக்கு நன்றி சொல்லச் சின்னதாக ஒரு கூட்டம் நடத்துகிறோம். உங்கள் பகுதியிலும் நடத்த நினைத்தால், முதலில் மண்டபத்தைத் தேடாதீர்கள். ஒரு களப்பணியாளரிடம் அனுமதி கேட்டு, அவரோடு ஓர் இரவு நடந்துவிட்டு வாருங்கள்.

வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நான் அப்படி நடந்திருக்கிறேன். கூட வந்த பெண், மூதாட்டி ஒருவரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "ஆயா, சாப்டியா? கால் வீக்கம் குறைஞ்சுதா?" காப்பகம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "இன்னும் நாலு தடவை வந்து பேசணும் சார். அவங்களா கேப்பாங்க, அப்போ கூட்டிட்டுப் போவேன்" என்றார். கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினால் மறுநாளே திரும்பி வந்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். அந்தப் பொறுமைக்கு முன்னால் எனக்குப் பேச்சே வரவில்லை.

அங்கே குடும்பங்களும் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக. மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் என்று எல்லோரும் உழைக்கிறவர்கள். பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருப்பதால் குடும்பம் பிரிய வேண்டும். வண்டியை விட்டுப் போக வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ இங்கே பக்கத்தில். அவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இதைத்தான் முதலில் பேசுகிறோம். ஏனென்றால் 'பிச்சைக்காரர்கள்' என்ற நினைப்போடுதான் பெரும்பாலோர் வந்து உட்காருகிறார்கள்.

கூட்டத்தில் வீடில்லாதவர் ஒருவர் தானாக முன்வந்தால் பேசச் சொல்லுங்கள். படம் எடுக்காதீர்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவதானால் களப்பணியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல நாளில் ஒரே இடத்தில் எல்லோரும் கொண்டுவந்து கொட்டுவார்கள். மறுநாள் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது.

களப்பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். பொன்னாடையும் ஷீல்டும் வேண்டாம். "உங்களுக்கு என்ன தேவை?" என்று அவர்களிடமே கேளுங்கள். எங்களிடம் அவர்கள் கேட்டவை ரெயின்கோட், டார்ச், பவர் பேங்க், இரவில் கழிப்பறைக்குப் போக ஒரு வீட்டின் கதவு. கடைசியாகச் சொன்னதைப் பெண் பணியாளர்கள் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் உடனே ஒப்புக்கொண்டன.

சாலையோரம் யாராவது ஆதரவில்லாமல் கிடப்பதைக் கண்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். அருகிலுள்ள கடை அல்லது பஸ் நிறுத்தத்தின் பெயர், ஆணா பெண்ணா, நடக்க முடிகிறதா, இவை போதும். காயமோ மயக்கமோ இருந்தால் 108. மனநலம் பாதித்துத் திரிபவரானால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். அவரைப் பாதுகாப்பில் எடுப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி போலீசாரின் கடமை. இவர்கள் உள்பட ஆதரவற்றோரை மீட்கவென்று சென்னைக் காவல்துறை 2021இல் 'காவல் கரங்கள்' என்ற அமைப்பைத் தொடங்கியது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நன்றி ஒன்று உண்டு. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. ஆனால் ஒரு தெருவில் கட்டடம் பார்த்ததுமே "இங்கே வேண்டாம்" என்று மனு கிளம்பிவிடுகிறது. பல மாதம் பேசிப் பேசி ஒருவரை அழைத்துவரும் பணியாளருக்கு, அவரைப் படுக்கவைக்க இடம் இல்லாமல் போகிறது. அந்த மனு உங்கள் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் பகுதியில் காப்பகம் வேண்டும் என்று வார்டு கவுன்சிலருக்கு நாங்கள் கடிதம் எழுதியிருக்கிறோம். கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் இப்போது அதில்தான் கையெழுத்து வாங்குகிறோம்.