கொத்தமல்லியும் கோர்ட் உத்தரவும்

கேள்வி: சமையல் குறிப்பில் ‘கார்னிஷ்’ செய்யச் சொல்கிறார்கள். பேங்க் நோட்டீஸில் ‘கார்னிஷீ’ என்று வருகிறது. இரண்டுக்கும் உறவு உண்டா?

பதில்: உண்டு. மூலம் பழைய பிரெஞ்சுச் சொல்லான ‘கார்னிர்’. தேவையானதைக் கொடுத்துத் தயார்படுத்துவது, எச்சரிப்பது என்று அதற்கு இரு பொருள்கள். முதலாவது அலங்கரிப்பதாகி அடுப்படிக்கு வந்தது. ரசத்தை இறக்கியபின் கொத்தமல்லித் தழையைக் கிள்ளித் தூவினால் கார்னிஷ். கொதிக்கும்போதே போட்டால் அது சேர்மானம்தான்.

எச்சரிக்கை கோர்ட்டுக்குப் போனது. கடன் பாக்கி வைத்தவரின் பணம் பேங்கில் இருந்தால், அதை அவருக்குக் கொடுக்காதபடி பேங்கைத் தடுப்பதே கார்னிஷீ உத்தரவு. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 21, விதி 46-ஏ பாருங்கள். உங்கள் கணக்கு குறித்து வந்த நோட்டீஸ் என்றால் உடனே வக்கீலிடம் காட்டுங்கள்.